எங்கே இரவு தங்குவது?

ஒரு பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும். இடப்பக்கம் நாள், நடுவில் பார்க்க வேண்டிய இடங்கள், வலப்பக்கம் இரவு தங்கும் ஊர். இளைஞர்கள் சிலர் கூடி அமர்ந்து அந்தத் தாளை நிரப்பும்போது தாங்கள் செய்வது வெறும் கணக்கு வேலை என்றே எண்ணுகின்றனர். எத்தனை கிலோமீட்டர், எத்தனை அறை, தலைக்கு எவ்வளவு செலவு என்று கூட்டிக் கழித்தால் வேலை முடிந்தது. ஆயினும் அதே தாள் வேறு சில முடிவுகளையும் சத்தமின்றி எடுத்துவிடுகிறது. எதற்கு மூன்று மணி நேரம், எதற்குப் பத்து நிமிடம், எவருடன் அமர்ந்து உண்பது, எவரைச் சன்னல் வழியாகப் பார்த்தால் போதும் என்பதெல்லாம் அதில் தீர்மானமாகிவிடுகிறது. இவை அறம் சார்ந்த முடிவுகள். எடுப்பவர் அறியாமலே எடுக்கப்படுவதால் அவற்றை ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கேள்வி இதுதான்: பிறர் வாழும் இடத்தைப் பார்க்கச் செல்பவன் அந்த இடத்திற்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா? நுழைவுக் கட்டணத்தையும் அறை வாடகையையும் செலுத்திவிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

இந்தக் கேள்வியை எந்த ஊரில் நின்றும் கேட்கலாம். கோலார் தங்க வயலில் நின்று கேட்டால் அதற்குக் கூடுதல் கூர்மை கிடைக்கிறது. ஏனெனில் அந்த ஊர், பிறரால் பார்க்கப்படுவது என்றால் என்ன என்பதை அனுபவத்தில் அறிந்த ஊர்.

பார்க்கப்படும் ஊர்

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ளது கோலார் தங்க வயல். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவை உலுக்கி எடுத்திருந்தது. நிலமும் பிடிப்பும் இல்லாத குடும்பங்கள் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து தங்க வயலை நோக்கி நடந்தன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்களுடைய உழைப்பில் சுரங்கம் பூமிக்குள் இறங்கிக்கொண்டே சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியசுக்கு மேல். சுரங்கத்தின் தேவைக்காகவே 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் பெரும்பாலான நகரங்கள் மின்விளக்கைக் காணாத காலம் அது. 1965ஆம் ஆண்டில், காற்றுமண்டலத்தில் பிறந்து மலையையும் மண்ணையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் கண்டனர்.

சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வழங்கிவிட்டு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் வெளியே சென்றுவிட்டது. அதைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் அங்கேயே தங்கிவிட்டது. மூன்று கோடி டன்னுக்கும் மேலான அந்த மண்ணைச் சயனைடு மேடு என்று அழைக்கிறார்கள். காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு வீடுகளுக்குள் படிகிறது. சுரங்க வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

2018லும் 2022லும் இவ்வூரின் பெயரைத் தாங்கிய திரைப்படங்கள் இரண்டு வெளிவந்தன. அதன்பின் வெளியூரிலிருந்து வருவோர் பெருகினர். அவர்கள் எங்கே செல்கின்றனர்? சயனைடு மேட்டின் வடிவம் படம் எடுப்பதற்கு அழகாக இருக்கிறது, அங்கே செல்கின்றனர். துருப்பிடித்த சுரங்கக் கோபுரத்தின் முன் நிற்கின்றனர். வெள்ளையர் கட்டிய பங்களாக்களையும் மன்றத்தையும் பார்த்து, ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பழைய பட்டப் பெயரைச் சொல்லி வியக்கின்றனர். மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். இரவு அங்கே தங்குவோர் அரிது. ஆகவே, விளக்கு வைக்கும் நேரத்தில் லைன் வீட்டுத் திண்ணையில் மூச்சிரைத்து அமரும் முதியவரை அவர்கள் பார்ப்பதில்லை. பாறைத் தூசு நுரையீரலில் படிந்த அவருடைய இருமலைக் கேட்பதுமில்லை. அவர்களுள் எவரும் தீயவர் அல்லர். அவர்களுடைய பயணத் திட்டத்தில் அந்த முதியவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இதை மிக நன்றாக அறிந்தவர்கள் அவ்வூர் இளைஞர்கள். தங்கள் தாத்தா உயிரைப் பணயம் வைத்த இடம் ஒருவருடைய நிழற்படத்திற்குப் பின்புலமாக மாறும்போது உள்ளே எழும் இலேசான வலியை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சன்னலின் மறுபக்கம்

இப்போது அந்த இளைஞர்களே ஒரு குழுவாக வெளிநாடு செல்லத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்ளலாம். செலவு கட்டுப்படியாகும் நாடு, தமிழ் பேசினால் பல இடங்களில் புரியும் நாடு என்று பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது இலங்கை. எட்டு நாள் பயணம். கொழும்பு, கண்டி தலதா மாளிகை, நுவரெலியா, எல்ல நகரின் ஒன்பது வளைவுப் பாலம், கடற்கரை ஒன்று என்று வழக்கமான பட்டியல் தயாராகிவிடும். எட்டு நாளில் ஏழு இரவு. ஏழு இரவும் ஏழு ஊர்.

அந்தப் பட்டியலில் நடுநாயகமாக நிற்பது நுவரெலியா. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், பனி மூடிய காலை, கோல்ப் திடல், வெள்ளையர் காலத்து மன்றம், செந்நிற அஞ்சலகம், 1873ஆம் ஆண்டில் அமைத்த கிரகரி ஏரி. அந்த ஊருக்கும் ‘குட்டி இங்கிலாந்து’ என்றுதான் பெயர். தங்க வயல் இளைஞன் ஒருவன் அங்கே இறங்கியதும் ஏதோ பழகிய இடத்திற்கு வந்ததுபோல் திகைத்தால் வியப்பில்லை. பங்களாவின் சாய்கூரையும் புல்வெளியும் அவன் சிறு வயது முதல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவை.

ஒற்றுமை அத்துடன் முடிவதில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரை என்னும் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு தேயிலைப் பயிரிடலைத் தொடங்கியவர் பெயர் ஜேம்ஸ் டெய்லர். தங்க வயலில் ஒரு டெய்லர், தேயிலை மலையில் ஒரு டெய்லர். இது தற்செயலான பெயர் ஒற்றுமை. ஆனால் இரண்டு இடங்களிலும் உழைக்கச் சென்ற மக்கள் ஒரே மண்ணின் மக்கள் என்பது தற்செயல் அன்று. அதே பஞ்சம், அதே கடன், அதே சாதிக் கொடுமை. ஒரு குடும்பம் மேற்கே திரும்பிப் பூமிக்குள் இறங்கியது. இன்னொரு குடும்பம் தெற்கே கங்காணியின் பின் சென்று கடல் கடந்து மலை ஏறியது. தங்க வயலில் அவர்களுக்குக் கிடைத்த வரிசைக் குடியிருப்பை ‘லைன்’ என்றனர். மலையகத்தில் கிடைத்த பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளின் வரிசையை ‘லயன்’ என்றனர். சொல்லும் ஒன்று, சுவரும் ஒன்று.

தேயிலை மலைகளினூடே செல்லும் வண்டியில் அமர்ந்து, பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டு கைப்பேசியை உயர்த்தும்போது, சயனைடு மேட்டிற்கு வந்த வெளியூர்க்காரர் இருந்த இடத்தில் தங்க வயல் இளைஞன் அமர்ந்திருக்கிறான். அவன் இப்போது சன்னலின் மறுபக்கத்தில் இருக்கிறான். தன் ஊருக்கு வந்தவர்களிடம் அவன் எதை எதிர்பார்த்தானோ, அதை இங்கே அவன் செய்யப்போகிறானா? இந்த இடத்தில்தான் பயணத் திட்டம் அறப் பரீட்சையாகிறது.

மகிழ்ச்சி குற்றமா?

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆண்டு முழுவதும் இரயிலில் நின்றுகொண்டே வேலைக்குச் சென்று, மாதந்தோறும் சிறுகச் சேர்த்து, வாழ்வில் முதன்முறையாகக் கடவுச்சீட்டில் முத்திரை காணும் இளைஞன் சற்று மகிழ்ந்திருக்கக் கூடாதா? அருவியைக் கண்டால் ஆர்ப்பரிக்கக் கூடாதா? ஊரில் பார்த்த துயரம் போதாதென்று அயல்நாட்டிலும் துயரத்தையே தேடிச் செல்ல வேண்டுமா?

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அழகு பொய்யன்று. பனிக்காலைத் தேயிலை மலை உண்மையிலேயே அழகானது. அதைக் கண்டு மனம் மலர்வது மனிதனுக்கு இயற்கை அளித்த கொடை. இளமையின் மகிழ்ச்சியைக் குற்றமாக்கும் அறம் நெடுநாள் நிலைக்காது. மேலும், துயரத்தைக் காணவேண்டும் என்று கிளம்புவதில் அதைவிடப் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. ‘ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் பாருங்கள்’ என்று ஒரு வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுபோய் லயன் வாசலில் இறக்கிவிடுவதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தாய் பாதி துவைத்த துணியுடன் எழுந்து நிற்கிறாள். இருபது பேர் அவளுடைய அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கின்றனர். ஒருவன் சன்னல் வழியே குழந்தைகளை நோக்கி மிட்டாய் வீசுகிறான். அருவியை மட்டும் பார்த்துவிட்டுச் சென்றவன் அவளை மறந்தான். இவர்களோ அவளை நாணச் செய்தனர். மறதியைவிட இது கொடியது.

ஆகவே தவறு மகிழ்ச்சியில் இல்லை. ஒரு மனிதரைக் காட்சிப் பொருளாக்கும் பார்வையில் இருக்கிறது. அழகுக்காகப் பார்த்தாலும், இரக்கத்திற்காகப் பார்த்தாலும், பார்ப்பவன் ஒருவன், பார்க்கப்படுபவர் மற்றொருவர் என்ற பிரிவு அப்படியே இருந்தால் தவறும் அப்படியே இருக்கிறது. அந்தப் பிரிவை எது கரைக்கும்?

விருந்தினனின் கடமை

தமிழ் மரபு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அது வரவேற்பவரின் கடமையைப் பேசுகிறது. வரவேற்பவருக்குக் கடமை உண்டெனில், வருபவருக்கும் இணையான கடமை இருந்தாக வேண்டும். விருந்தினன் அழைப்பின்றி நுழைவதில்லை. கொடுத்ததை உண்கிறான். வீட்டின் நேரத்திற்குத் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறான். போகும்போது சொல்லிக்கொண்டு போகிறான். மீண்டும் நினைக்கிறான். பார்வையாளனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவன் கட்டணம் கட்டியவன். அவனுக்கு உரிமை மட்டுமே உண்டு.

பார்வையாளன் விருந்தினனாக மாறும் நேரம் பெரும்பாலும் இரவு. பகலில் எதைப் பார்ப்பது என்பதைப் பயணி தேர்ந்தெடுக்கிறான். இரவிலோ அவன் பிறரைச் சார்ந்திருக்கிறான். எவரோ இறைத்து வைத்த தண்ணீர், எவரோ வடித்த சோறு, எவரோ விரித்த பாய், எவரோ காவல் காக்கும் வாசல். அந்தச் சார்பை உணர்ந்தவனுக்குத்தான் ஓர் ஊர் தன் குரலில் பேசத் தொடங்குகிறது. காலை ஐந்து மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, பிரட்டுக்களத்திற்குச் செல்லும் கால்கள் எப்போது வாசலைக் கடக்கின்றன என்பதெல்லாம் அங்கு உறங்கி விழித்தவனுக்கே தெரியும். நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைய உழைப்பை ‘அரைப்பேர்’ என்று எழுதும் வழக்கத்தைப் பற்றி எந்தக் கையேடும் அவனுக்குச் சொல்லாது. இரவு உணவின்போது ஒரு பாட்டி சொல்லக்கூடும்.

தங்குதலின் பயனை உலகப் பயண வரலாறு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. கி.பி. 671ஆம் ஆண்டு சீனத் துறவி இட்சிங் இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார். வழியில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கினார். வழியில் இருந்த ஊர் என்று ஓரிரவு தங்கிச் செல்லாமல், ஆறு மாதம் அங்கே தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். போகும் இடத்து மக்கள் பேசுவது புரியாமல் அங்குப் போய் என்ன காண்பது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். சென்று சேர்ந்தபின் நாளந்தாவில் பல்லாண்டு பயில அவரால் முடிந்ததற்கு அந்த இடைத்தங்கல் அடித்தளமாயிற்று. எட்டு நாள் விடுமுறை உள்ளவனுக்கு ஆறு மாதம் இயலாது. ஆனால் ஏழு ஊரில் ஏழு இரவு என்பதை நான்கு ஊரில் ஏழு இரவு என்று மாற்றிக்கொள்ள இயலும்.

தாளைத் திருத்தி எழுதுதல்

அப்படி மாற்றும்போது தாள் எப்படி இருக்கும்? கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 75 கி.மீ.; ஆனால் அது மலைப்பாதை. தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுபவர் ஏமாறுவர். நாளொன்றுக்கு ஒரு காட்சியைக் குறைத்தால் ஓர் உரையாடலுக்கு இடம் கிடைக்கும். நுவரெலியாவில் ஓரிரவு என்பதற்குப் பதில் அட்டன் பகுதியில் இரண்டு இரவு தங்கலாம். பெரிய விடுதியைவிட உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு தங்குமிடம் மேல். செலுத்தும் பணம் அந்த ஊரிலேயே நிற்கும். நுவரெலியாவையும் அதனருகே சீதா எலியவில் உள்ள சீதையம்மன் கோயிலையும் ஒரு பகலில் சென்று கண்டு திரும்ப முடியும்.

அட்டனிலிருந்து சுமார் 30 கி.மீ. சென்றால் நல்லதண்ணி. அந்த இனிய தமிழ்ப் பெயர் கொண்ட ஊரிலிருந்துதான் சிவனொளிபாத மலைக்கு ஏறும் புகழ்பெற்ற வழி தொடங்குகிறது. மலையின் உயரம் 2,243 மீட்டர். மார்கழியை ஒட்டிய முழுநிலவு முதல் வைகாசி முழுநிலவு வரை யாத்திரைக் காலம். உச்சியில் உள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்றும், இந்துக்கள் சிவபெருமானுடையது என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தத்தம் மரபுப்படியும் போற்றுகின்றனர். சூரிய உதயத்தைக் காண விரும்புவோர் இரவெல்லாம் ஏறுகின்றனர். படிகள் ஐந்தாயிரத்துக்கும் மேல். இங்கு இரவு தங்குமிடம் என்பதே ஏறும் படிகள்தாம். குழுவில் மூட்டுவலி உள்ளவர், மூச்சுத்திணறல் உள்ளவர், முதன்முறை மலையேறுபவர் இருப்பர். வேகமாக ஏறுபவன் உச்சியில் முதல் கதிரைக் காணட்டும் என்று விட்டுவிடுவதா? மெதுவாக ஏறுபவருடன் பாதி வழியில் நின்று, மரங்களுக்கிடையே உதயத்தைக் காண்பதா? குழுவாகச் செல்வதன் பொருளை இந்த ஓர் இரவு கற்றுக்கொடுத்துவிடும்.

திட்டம் வகுப்போர் மறக்கும் மற்றொரு மனிதர் உண்டு. வண்டி ஓட்டுநர் எங்கே உறங்குவார்? இருபது பேருக்கு அறை, மெத்தை, வெந்நீர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். நாள் முழுவதும் கொண்டையூசி வளைவுகளில் இருபது உயிர்களைக் கையில் ஏந்திச் செல்பவருக்கு வண்டியின் பின் இருக்கையே படுக்கையாகிவிடும் பயணங்கள் எத்தனையோ! அவருக்கும் உதவியாளருக்கும் அறையும், குழுவுடன் ஒரே பந்தியில் உணவும் தாளில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்தாலே அந்தத் திட்டத்தின் தரம் தெரிந்துவிடும். இது கருணை மட்டுமன்று, அறிவுடைமையும் ஆகும். உறங்காத ஓட்டுநரின் கையில் மலைப்பாதையை ஒப்படைப்பவன் தன் தோழர்களின் உயிரை மலிவாக எண்ணுகிறான்.

அருவிக்கு அருகே

திட்டத்தில் இன்னும் ஓரிடம். கொஸ்லந்தைக்கு அருகே தியலும அருவி 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. சாலையிலிருந்தே காணலாம். வண்டிகள் நிற்கும், படங்கள் எடுக்கப்படும், வண்டிகள் புறப்படும். அங்கிருந்து சிறிது தொலைவில் மீரியாபெத்தை என்னும் தோட்டம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் அங்கே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விடுக்கப்பட்டிருந்தது. வேறு இடம் அமைத்துத் தரப்படாததால் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போதும் மலைநாட்டில் சரிவுகள் ஏற்பட்டு, நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்கள் பறிபோயின.

பாறை வெடித்துச் சரிந்து சுரங்கத்துள் மூடப்பட்டவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த தங்க வயல் இளைஞனுக்கு இது அந்நியச் செய்தியாக இருக்க இயலுமா? ஒருபுறம் பூமிக்குள் மூடப்பட்டவர். மறுபுறம் பூமி வந்து மூடியவர். அருவியைப் பார்க்கக் கூடாது என்பதில்லை. அருவியின் முன் பத்து நிமிடம் ஆர்ப்பரித்தவர்கள், அங்கே ஒரு நிமிடம் மௌனமாகத் தலைதாழ்த்தி நிற்கலாம். அவ்வாறு நிற்க அவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கப் புறப்படுமுன் ஒருவர் படித்திருக்க வேண்டும். எங்குச் செல்கிறோமோ அந்த மக்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு செல்வது பயணியின் முதல் கடன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அவர்களைக் கேட்டுச் செய்த பங்கீடு அன்று அது. இதை அறிந்தவன் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று ஒரு முதியவரிடம் கேட்கும்போது அந்தக் கேள்வியின் கனத்தை உணர்ந்து கேட்பான்.

பயணத் திட்டமே நினைவேந்தலாக மாறிய நிகழ்வும் அம்மண்ணில் உண்டு. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, ஒரு குழுவினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலர் நோயாலும் பசியாலும் மாண்ட அதே திசை. ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டு மாதத்தில் சென்று சேர்ந்தனர். ஒவ்வோர் இரவும் ஓர் ஊரில் தங்கினர். தங்கும் ஊரின் மக்களோடு பேசினர். அவர்களுக்கு இரவுத் தங்கல் களைப்பாறும் இடம் மட்டுமன்று. முன்னோரில் எவரோ கண்மூடிய இடமாகவும் இருந்திருக்கலாம்.

முதல் இரவு

இவ்வளவும் சொன்னபின் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அயலாரின் துயரை அறிய இத்தனை முயலும் இளைஞன், தன் வீட்டுத் திண்ணையில் இருப்பவரை அறிந்திருக்கிறானா? தாத்தா எந்தச் சுரங்கத்தில், எத்தனை அடி ஆழத்தில் வேலை செய்தார்? கூண்டில் இறங்கும்போது அவர் மனத்தில் எந்தத் தெய்வத்தை நினைத்தார்? சங்கு நேரம் தவறி ஊதிய நாள்களில் பாட்டி வாசலுக்கு ஓடினாளா? இக்கேள்விகளுக்கு விடை தெரியாத இளைஞர்கள் இன்று பலர். காலையில் இரயில், இரவில் களைப்பு, கேட்க நேரமில்லை. தன் ஊரிலேயே பார்வையாளனாக வாழ்பவன் பிற ஊரில் திடீரென்று விருந்தினனாகிவிட முடியாது. கேட்கும் பழக்கம் வீட்டில் தொடங்க வேண்டும்.

ஆதலால் எட்டு நாள் பயணத்தின் தாளில் ஒரு வரியை முன்னால் சேர்த்துக்கொள்வது பொருந்தும். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு, குழுவினர் அனைவரும் சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில், ஓய்வுபெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளியின் அனுமதி பெற்று, அவருடன் அமர்ந்து உண்டு, அவர் சொல்வதைக் கேட்டு, அங்கேயே உறங்கி எழட்டும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை, செலவும் இல்லை. மறுநாள் கடல் கடந்து ஒரு லயன் காம்பராவின் வாசலுக்கு வரும்போது, எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்போது பேசுவது, எப்போது வாய்மூடி இருப்பது, எதைப் படம் எடுக்கக் கூடாது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிராது. அங்குள்ள முதியவர் ‘உங்கள் ஊர் எது?’ என்று கேட்டால், சொல்வதற்கு அவர்களிடமும் ஒரு கதை இருக்கும். கதை கொடுத்துக் கதை பெறும்போது இருவரும் சமமாகின்றனர். பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்ற பிரிவு அங்கே கரைகிறது.

பயணி தான் செல்லும் இடத்திற்குக் கடன்பட்டவன்தான். அக்கடனின் அளவு பெரிதன்று. தன் ஊருக்கு வரும் அயலார் தன் மக்களை எப்படிப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறானோ, அப்படி அவன் பிறர் ஊரைப் பார்த்தால் போதும். அந்த ஓர் அளவுகோலை வைத்துத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியையும் அளந்து பார்க்கலாம்.

திரும்பி வந்தபின் அதே அளவுகோல் மற்றொரு வகையிலும் பயன்படும். அடுத்த முறை சயனைடு மேட்டின் அடியில் வெளியூர் வண்டி ஒன்று நிற்கும்போது, அந்த இளைஞர்களில் ஒருவன் அவர்களை நெருங்கி, ‘மாலையே திரும்ப வேண்டுமா? இன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தங்கிப் போகலாமே’ என்று அழைப்பானாகில், அவனுடைய பயணம் பயன் தந்தது என்று கொள்ளலாம்.